பவுண்டர்ஸ் ஒன்லைன்: டொக்டர் பெஞ்சமின் ரஷ்ஷைத் தேடுபவருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

பவுண்டர்ஸ் ஒன்லைன் என்பது அமெரிக்கத் தேசிய சுவடிகள் காப்பகமும் வேர்ஜினியா பல்கலைக்கழக அச்சகமும் சேர்ந்து 2013 ஜூனில் திறந்துவிட்ட இலவச இணையச் சேவை. அமெரிக்காவை நிறுவியவர்களான வாஷிங்டன், பிராங்ளின், ஜோன் அடம்ஸ், ஜெபர்சன், ஹமில்டன், மடிசன், பின்னர் சேர்க்கப்பட்ட ஜோன் ஜே ஆகிய ஏழு பேர் எழுதியவையும் அவர்களுக்கு வந்தவையுமாக 1,80,000க்கு மேற்பட்ட ஆவணங்கள் அதில் இருக்கின்றன. பதிவு செய்யத் தேவையில்லை, கடவுச்சொல் இல்லை, காசும் இல்லை. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு வரலாறு, அரசறிவியல், மருத்துவ வரலாறு படிப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். அந்த ஏழு பேரில் ஒருவராக இல்லாத மனிதரைத் தேடினால், அவர் அந்த ஏழு வீட்டு வாசலுக்கு வந்துபோன நேரங்களில் மாத்திரமே கண்ணில் படுவார்.

இதைச் சோதித்துப் பார்க்கச் சரியான ஆள் பிலடெல்பியாவின் டொக்டர் பெஞ்சமின் ரஷ். வைத்தியராகத் தொழில் தொடங்கி, சட்டமன்ற இருக்கைக்குப் போய், திரும்பவும் நோயாளியின் கட்டில் பக்கமே வந்து நின்றவர். டொக்டர் பட்டத்தோடு பிரதிநிதியாகப் போவது எங்கள் நாட்டுக்கும் புதிதல்ல. 1931இல் மொறவக்கவிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, பிறகு நல்லூரின் டொக்டர் இ. எம். வி. நாகநாதன் என்று பெயர்கள் இருக்கின்றன. ரஷ் அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியவர்.

தேடத் தொடங்குமுன் சில திகதிகளைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சேவையில் திகதிதான் திறப்பு. ரஷ் பிறந்தது பழைய நாட்காட்டிப்படி 1745 டிசம்பர் 24, புதிய கணக்கில் 1746 ஜனவரி 4. இரண்டுமே சரி. பிரித்தானியக் குடியேற்றங்கள் 1752இல் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாள் தாண்டியதால் வந்த வித்தியாசம் அது. எடின்பரோவில் மருத்துவப் பட்டம் 1768. அடுத்த வருடம் பிலடெல்பியாவில் இரசாயனப் பேராசிரியர். 1776 ஜூலை 20இல் பென்சில்வேனியா அவரைக் கண்டக் காங்கிரசுக்கு (எல்லாக் குடியேற்றங்களின் பேராளர்களும் கூடிய சபை) பேராளராக அனுப்பியது. ஓகஸ்ட் 2இல் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். 1777 ஏப்ரலில் இராணுவ வைத்தியசாலைப் பதவி, 1778 ஜனவரியில் இராஜினாமா. 1787இல் அரசியலமைப்பை ஏற்கும் பென்சில்வேனியா மாநாட்டில் உறுப்பினர். 1797 முதல் நாணயசாலைப் பொருளாளர். 1813 ஏப்ரல் 19 மறைவு.

இந்தத் திகதிகளை வைத்தே ஒரு பிழையைத் தவிர்த்துவிடலாம். ரஷ் சுதந்திரத்துக்கு ஆதரவாக வாக்களித்தார் என்று பல கட்டுரைகளில் வருகிறது. வாக்கெடுப்பு ஜூலை 2. அன்று அவர் காங்கிரஸ் உறுப்பினரே இல்லை. ஒப்பமிட்டவர், வாக்களித்தவர் அல்லர். ஒப்பமிட்ட 56 பேரில் ஜோசையா பார்ட்லெட், மத்தியூ தோர்ண்டன், லைமன் ஹோல் ஆகியோரும் வைத்தியம் பார்த்தவர்களே. இவர்களில் பார்ட்லெட் வாக்களித்தவர், தோர்ண்டன் நவம்பரில் வந்து ஒப்பமிட்டவர். ‘நான்கு வைத்தியர்களும் வாக்களித்தனர்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதினால் பாதி தவறு.

இனித் தேடும் முறை. பெயரைப் பெட்டியில் தட்டிவிட்டு வருவதையெல்லாம் வாசிக்கத் தொடங்க வேண்டாம். ரஷ் என்ற பெயர் யாரோ ஒருவர் யாருக்கோ எழுதிய கடிதத்தின் அடிக்குறிப்பில் இருந்தாலும் அந்த ஆவணம் பட்டியலில் ஏறிவிடும். எழுதியவர், பெற்றவர், காலப்பகுதி என்று வடிகட்டும் வசதி இருக்கிறது. குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் வரும் பட்டியல் அது. முதலில் எழுதியவர் என்ற இடத்தில் பெஞ்சமின் ரஷ்ஷைத் தெரிவு செய்து ஒரு சுற்று. பிறகு பெற்றவர் என்ற இடத்தில் அவரையே வைத்து இன்னொரு சுற்று. இரண்டையும் திகதி வரிசையில் அடுக்கினால்தான் ஒரு உரையாடல் தெரியும். ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு ‘ரஷ் அடம்ஸைக் கண்டித்தார்’ என்று எழுதுபவர்கள், அடம்ஸ் அதற்கு முந்திய வாரம் என்ன கேட்டார் என்பதைப் பார்க்காமல் விட்டவர்கள்.

பட்டியலில் ரிச்சர்ட் ரஷ் என்றொரு பெயரும் அடிக்கடி வரும். அவர் மகன்; மடிசன் அமைச்சரவையில் சட்டமா அதிபராக இருந்தவர். 1811க்குப் பிந்திய கடிதங்களில் ‘மிஸ்டர் ரஷ்’ என்றால் பெரும்பாலும் மகன், ‘டொக்டர் ரஷ்’ என்றால் தகப்பன். அவசரத்தில் இருவரையும் ஒருவராக்கிவிடக் கூடாது.

அடுத்த தடை எழுத்துக்கூட்டல். கடிதங்கள் எழுதப்பட்டபடியே ஏற்றப்பட்டிருக்கின்றன, திருத்தப்படவில்லை. அதுதான் இந்தச் சேவையின் பெருமை. தேடுபவருக்கு அதுவே தலையிடி. இன்று ஒரே சொல்லாக எழுதும் ‘ஸ்மோல்பொக்ஸ்’ அன்று பெரும்பாலும் இரண்டு சொல். ஆகவே இரண்டு விதமாகவும் தேட வேண்டும். இரண்டாகத் தேடும்போது மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். பெரியம்மை கடுமையாக வராமல் முன்கூட்டியே அம்மை ஏற்றுவதைக் குறிக்கும் ‘இனோகுலேஷன்’ என்ற சொல்லுக்கு ஒரு ‘என்’ போட்டும் எழுதினார்கள், இரண்டு போட்டும் எழுதினார்கள். டொக்டர் என்பதன் சுருக்கமும் இரண்டெழுத்தில் ஒருவிதம், ஐந்தெழுத்தில் இன்னொருவிதம்.

திகதிச் சுருக்கங்கள் இதைவிட மோசம். கடிதத்தில் ‘12ஆம் திகதி இன்ஸ்ட்.’ என்றிருந்தால் அந்தக் கடிதம் எழுதிய அதே மாதம். ‘அல்ட்.’ என்றிருந்தால் போன மாதம். ஜனவரி 3 திகதியிட்ட கடிதம் ‘12ஆம் திகதி அல்ட்.’ கடிதம் கிடைத்தது என்று சொன்னால், தேட வேண்டியது முந்திய வருட டிசம்பர் 12ஐ. இது தெரியாமல் வருடத்தையே மாற்றிக்கொண்டு தேடி, ‘கடிதம் தொலைந்துவிட்டது’ என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு கடிதத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மேற்கே பசிபிக் கடல் வரை போகப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸுக்கு வைத்திய ஆலோசனை தரும்படி ஜெபர்சன் 1803 பெப்ரவரி 28இல் ரஷ்ஷைக் கேட்கிறார். ஜூன் 11இல் பதில் வருகிறது. பதில் சின்னது, சரக்கு அதனோடு வைத்து அனுப்பிய இணைப்பில் இருக்கிறது. இந்தச் சேவையில் இணைப்புகள் சிலவேளை கடிதத்துக்குக் கீழேயே வரும், சிலவேளை தனி ஆவணமாக அடுத்து நிற்கும். கடிதத்தின் முடிவில் ஒப்பத்தைக் கண்டதும் பக்கத்தை மூடிவிட்டால் முக்கியமானது கைதப்பிவிடும். கீழே வரை போய்ப் பாருங்கள். அடுத்த ஆவணத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இணைப்பில் இருப்பவை நடைபயணக்காரனுக்கான சுகாதார விதிகள். உடம்பு கொஞ்சம் சரியில்லாமல் வந்தாலே நடந்து சமாளிக்கப் பார்க்காதே, படுத்து ஓய்வெடு. ஓரிரு நாள் பட்டினி இருந்து நீராகாரம் குடி. மலச்சிக்கல் வந்தால் நோய் வரப்போகிறதென்று அறிந்து பேதி மாத்திரை ஒன்றோ கூடவோ எடு. ஈரக் காலத்தில் கம்பளித் துணி தோலோடு ஒட்டி இருக்கட்டும். நனைந்து களைத்தால் சாராயத்தைத் தண்ணீர் கலக்காமல் மூன்று மேசைக்கரண்டி எடுப்பது, தண்ணீர் கலந்து அரைப் பைந்து குடிப்பதைவிடப் பலன் தரும். காலையில் குளிர்ந்த நீரில் பாதம் கழுவு. நீண்ட நடைக்குப் பின் இரண்டு மணி நேரம் உடம்பை நீட்டிப் படுத்தால் போதும். மூன்று மேசைக்கரண்டி என்பது சுமார் 45 மில்லிலீற்றர், அரைப் பைந்து சுமார் 237. மதுவை எதிர்த்து எழுதிய வைத்தியர் இவ்வளவு துல்லியமாக அளவு சொல்வதைப் படிக்கும்போது, ஆளின் குணம் ஒரு முழு வாழ்க்கை வரலாற்றில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பேதி மாத்திரையை லூயிஸ் குழு 50 டசின், அதாவது 600 கொண்டு போனது. முக்கிய சரக்கு இரண்டு: கலோமெல், ஜாலப். இங்கேதான் தமிழில் எழுதுபவர் நிதானிக்க வேண்டும். கலோமெல் என்பது பாதரசக் குளோரைட்டு. எங்கள் சித்த வைத்தியத்தில் பூரம் என்று சொல்லப்படுவது. அதை வீரம் என்று எழுதிவிட்டால் இன்னொரு பாதரசச் சேர்மம், கடும் நஞ்சு. ஜாலப் என்பது மெக்சிக்கோவில் விளையும் ஒரு கொடியின் கிழங்கு. அகராதிகளில் ‘இந்திய ஜாலப்’ என்று சிவதையைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் பேதி. ஆனாலும் வேறு செடி. ‘ரஷ் சிவதை கொடுத்தார்’ என்று எழுதக் கூடாது. ‘ஜாலப் கிழங்கு, எங்கள் சிவதையைப் போன்றது’ என்று எழுதலாம்.

அளவு இன்னொரு பொறி. 1793இல் ரஷ் கொடுத்த பேதி மருந்து கலோமெல் 10 கிரெய்ன், ஜாலப் 15 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம், ஆகவே 648 மில்லிகிராம், 972 மில்லிகிராம். கடிதத்தில் ‘ஜி, ஆர்’ என்று இரண்டெழுத்தில் சுருக்கியிருப்பதைக் கிராம் என்று படித்தால் அளவு 15 மடங்குக்கு மேல் பெருகிவிடும். 20 கிரெய்ன் ஒரு ஸ்குருப்பிள், 60 கிரெய்ன் ஒரு டிராம் (3.89 கிராம்), 8 டிராம் ஒரு மருந்து அவுன்ஸ் (31.1 கிராம்). பலசரக்குக் கடை அவுன்ஸ் 28.35 கிராம், அதைக் கொண்டுவந்து இங்கே போடக் கூடாது. ‘பார்க்’ என்று தனியே வந்தால் சிங்கோனாப் பட்டை. அதைக் கொயினா என்று மொழிபெயர்ப்பது அடிக்கடி காணும் தவறு. கொயினாவைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்ததே 1820இல், ரஷ் இறந்து ஏழு வருடத்துக்குப் பிறகு.

இதுவரை சொன்னது சேவையின் பலம். இனிக் குறை.

ரஷ்ஷின் வாழ்க்கையில் வைத்தியரும் சட்டமன்றப் பேராளரும் ஒரே வாயால் பேசிய இடம் ஒன்று உண்டு. 1777 பெப்ரவரி 14. பொருட்களின் விலையைக் கட்டுப்படுத்தலாமா என்று காங்கிரஸ் விவாதிக்கிறது. ரஷ் எழுந்து, நாடு உச்சி முதல் உள்ளங்கால் வரை நோயில் கிடக்கிறது, உரமான மருந்து வேண்டும், நீங்கள் கொண்டுவந்திருப்பது அபின் மருந்து, ஒரு இரவு தூங்க வைக்கும், விழித்ததும் வலி திரும்பவும் வரும் என்ற பொருள்படப் பேசுகிறார். இவ்வளவு முக்கியமான பேச்சைப் பவுண்டர்ஸ் ஒன்லைனில் தேடிப் பயனில்லை. அது ஏழு பேரில் யாருக்கும் எழுதிய கடிதம் அல்ல. அவர் தனக்காக எடுத்து வைத்த விவாதக் குறிப்பு. அதற்குப் போக வேண்டிய இடம் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளம். கண்டக் காங்கிரசின் நடவடிக்கைக் குறிப்புகளும், பேராளர்கள் எழுதிய கடிதங்களின் 26 தொகுதிகளும் அங்கே இலவசம். ரஷ் பேராளராக இருந்தது 1776 ஜூலை முதல் 1777 பெப்ரவரி வரை சுமார் ஏழு மாதம்தான். அந்த ஏழு மாதத்துக்கு இரண்டு தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை 1793. அன்று தலைநகராக இருந்த பிலடெல்பியாவில் சுமார் 50,000 பேர். ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை மஞ்சட் காய்ச்சல் சுமார் 5,000 பேரைக் கொண்டு போனது. ரஷ் ஊரை விட்டுப் போகாமல் இரத்தம் கழித்தும் பேதி கொடுத்தும் நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்தார். பிரின்ஸ்டனில் இருந்த மனைவி ஜூலியாவுக்கு அவர் அந்த வாரங்களில் எழுதிய கடிதங்கள்தான் அந்தக் கொள்ளைநோயின் நேரடிச் சாட்சி. மனைவி ஏழு பேரில் ஒருவர் அல்லவே. அவை இந்தச் சேவையின் எல்லைக்கு வெளியே.

இதனால் வரும் சாய்வைக் கவனிக்க வேண்டும். அதே செப்டெம்பரில் ஹமில்டனுக்குக் காய்ச்சல் வந்தது. எட்வர்ட் ஸ்டீவன்ஸ் என்ற வைத்தியர் பட்டை, வைன், குளிர்நீர்க் குளிப்பு என்று ரஷ்ஷுக்கு நேர்மாறான முறையில் பார்த்துச் சுகப்படுத்தினார். ஹமில்டன் செப்டெம்பர் 11இல் மருத்துவர் கல்லூரிக்கு எழுதி அந்த முறையைப் புகழ்ந்தார். அந்தக் கடிதம் இங்கே இருக்கிறது, அடிக்குறிப்புகளோடு. ஆக, 1793ஐ இந்தச் சேவையில் மட்டும் வாசிப்பவருக்கு எதிர்த்தரப்பு வாதம் முழுதாகக் கிடைக்கும், ரஷ்ஷின் வாதம் துண்டு துண்டாகக் கிடைக்கும். ரஷ்ஷின் சிகிச்சை தவறு என்பது இன்று தெளிவு. அதைச் சொல்வதற்கும் அவர் சொன்னதை முதலில் படித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இங்கே கிடைக்காது, அதை விட்டுவிட்டு ரஷ்ஷைப் பற்றி எழுதுவது நேர்மையும் ஆகாது. கறுப்பின மக்களுக்கு இந்தக் காய்ச்சல் தொற்றாது என்று நம்பி, நோயாளிகளைப் பராமரிக்க வரும்படி அவர்களை அழைத்தவர் ரஷ். ரிச்சர்ட் அலன், அப்சலம் ஜோன்ஸ் இருவரின் தலைமையில் வந்தார்கள், பிணம் தூக்கினார்கள்; நகரின் கறுப்பின மக்களில் சுமார் 240 பேர் இறந்தார்கள். அவர்கள் 1794இல் அச்சிட்ட சிறுநூலை இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பழநூல் தளங்களில் தேடுங்கள்.

மட்டக்களப்பு வாசகருக்கு இந்தப் பகுதி அந்நியமாக இருக்காது. மஞ்சட் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புதான் இங்கே மாரிக்குப் பிறகு டெங்கைக் கொண்டுவருவதும். ரஷ் துறைமுகத்தில் அழுகிக் கிடந்த கோப்பிக் கொட்டையின் நாற்றத்தைக் காரணம் சொன்னார். நுளம்பை 1881இல் கார்லோஸ் பின்லே சுட்டிக்காட்டி, 1900இல் வோல்டர் ரீட் குழு நிறுவும் வரை உலகத்துக்கே தெரியாது. அதோடு, 1780இல் பிலடெல்பியாவில் வந்த எலும்பு முறிக்கும் காய்ச்சலை முதலில் விரிவாகப் பதிந்தவர்களில் ரஷ்ஷும் ஒருவர். இன்றைக்கு அதை டெங்கு என்றே கருதுகிறார்கள். அது 1789இல் அச்சான அவரது மருத்துவக் கட்டுரைத் தொகுதியில் இருக்கிறது, கடிதங்களில் அல்ல.

அந்தப் பழைய அச்சுப் புத்தகங்களைத் தேடும்போது ஒரு நுட்பம் வேண்டும். 18ஆம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் நடுவில் வரும் ‘எஸ்’ எழுத்து நீட்டி, ‘எஃப்’ போலவே இருக்கும். கணினி படித்து எழுத்தாக்கும்போது அதை ‘எஃப்’ என்றே எடுத்துக்கொள்ளும். நோய் என்று பொருள்படும் ‘டிசீஸ்’ என்ற சொல்லைத் தேடி ஒன்றும் வராவிட்டால், அதில் உள்ள இரண்டு ‘எஸ்’ஸையும் ‘எஃப்’ ஆக்கித் தட்டிப் பாருங்கள். பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். பவுண்டர்ஸ் ஒன்லைனில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே மனிதர் படித்து, சரிபார்த்து ஏற்றியிருக்கிறார்கள்.

சரிபார்ப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. எல்லா ஆவணமும் ஒரே தரத்தில் இல்லை. அச்சுத் தொகுதியாக வெளிவந்தவை முழு அடிக்குறிப்போடு இருக்கும். இன்னும் தொகுதியாக வராதவை ‘ஏர்லி அக்செஸ்’ என்ற குறிப்போடு, இது இறுதி வடிவம் அல்ல என்று சொல்லியே ஏற்றப்பட்டிருக்கின்றன. ரஷ்ஷும் அடம்ஸும் முதுமையில் எழுதிக்கொண்டவற்றுள் பெரும்பகுதி இந்த வகை. முகவரியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆவண எண் 01, 03 என்று தொடங்கினால் தொகுதியில் உள்ளது. 99 என்று தொடங்கினால் இறுதியாகாதது. ஆய்வேட்டில் 99 எண் ஆவணத்திலிருந்து ஒரு சொல்லை மேற்கோள் காட்டுவதானால், அது இறுதி வடிவம் அல்ல என்று அடிக்குறிப்பில் போடுங்கள். மேற்கோள் காட்டும் முறையை ஒவ்வொரு ஆவணத்தின் கீழும் தளமே எழுதித் தந்திருக்கிறது, நிரந்தர முகவரியோடு. தேடல் முடிவின் முகவரியைப் பிரதி எடுக்காமல் அந்த நிரந்தர முகவரியையே எடுக்க வேண்டும்.

டேட்டா செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: இங்கே கையெழுத்துப் பிரதியின் படங்கள் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஆகவே பக்கம் இலகுவாகத் திறக்கும். வலுக்குறைந்த சிக்னலிலும் கைபேசியில் வாசிக்கலாம். வடிகட்டும் வேலையை மட்டும் கணினித் திரையில் செய்வது வசதி. ஸ்கான் செய்த பழைய புத்தகம் ஒன்றைப் பதிவிறக்கினால் பல மெகாபைட் போகும், அதை வைபை இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அச்செடுக்க வேண்டுமென்றால் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பென் டிரைவில் கொண்டுபோனால் போட்டோகொப்பிக் கடையில் வேலை லேசு. அடிக்குறிப்புகளையும் சேர்த்தே எடுங்கள். கடிதத்தை மட்டும் வெட்டி ஒட்டிக்கொண்டு போனால், அதில் ‘பி.’ என்று ஒற்றை எழுத்தில் வரும் ஆள் யாரென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தளம் முழுக்க ஆங்கிலம், அதுவும் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலம். தமிழில் எழுதும்போது பதவிப் பெயர்களில்தான் அதிகம் வழுக்கும். கண்டக் காங்கிரஸ் உறுப்பினரைப் பாராளுமன்ற உறுப்பினர் என்று எழுத வேண்டாம். அவரை ஒரு தொகுதி மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யவில்லை. மாநில அமைப்பு அனுப்பியது. பேராளர் என்ற சொல் எங்களிடம் இருக்கிறது, அது மிகச் சரியாகப் பொருந்தும். பார்ட்லெட் 1790இல் நியூ ஹம்ப்ஷயரின் ‘பிரசிடென்ட்’ ஆனார். 1792இல் அந்தப் பதவியின் பெயர் ஆளுநர் என்று மாறியது. அதை ஜனாதிபதி என்று மொழிபெயர்த்தால் அமெரிக்காவுக்கு இன்னொரு ஜனாதிபதி பிறந்துவிடுவார். இராணுவப் பதவிகளில் ‘சேர்ஜன்’ என்றால் சத்திரசிகிச்சை, ‘பிசிசியன்’ என்றால் உள்மருத்துவம். ரஷ் 1777இல் இரண்டு பட்டப் பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாக வகித்தவர், எந்த மாதம் எது என்று பார்த்து எழுத வேண்டும். சொல் பஞ்சம் என்று யாரும் கையை விரிக்க வேண்டியதில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர். அதற்கும் முன்னரே மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆங்கில மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கியிருக்கிறார். ரஷ் காலத்து மருந்துப் பெயர்களுக்குத் தமிழ் தேடும்போது இந்த இரண்டு வழியையும் பாருங்கள்.

மற்ற வைத்தியப் பேராளர்களுக்கு இந்தச் சேவை எப்படி? பார்ட்லெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். பதவி முறையில் வாஷிங்டனோடு நடந்த சொற்பத் தொடர்பைத் தாண்டி அதிகம் இல்லை. நியூயோர்க் டொக்டர் சாமுவேல் மிட்சில் 1801 முதல் பிரதிநிதிகள் சபையிலும் பிறகு செனட்டிலும் இருந்தவர். ஜெபர்சனோடு அறிவியல் விடயங்களில் எழுதிக்கொண்டதால் ஓரளவு தேறும். யாரானாலும் முதலில் அமெரிக்கக் காங்கிரசின் வாழ்க்கைக் குறிப்பு அகராதித் தளத்தைத் திறந்து பாருங்கள். 1774 முதல் உறுப்பினராக இருந்த அனைவருக்கும் ஒரு பந்தி அளவில் படிப்பு, தொழில், பதவிக் காலம் எல்லாம் திகதியோடு தந்திருக்கிறார்கள். எலும்புக்கூடு அங்கே, சதை இங்கே.

பெயர் போடாத கடிதங்கள் தனி விடயம். 1778 ஜனவரி 12இல் ரஷ் வாஷிங்டனைக் குறைகூறி, ஒப்பமிடாமல், வேர்ஜினியா ஆளுநராக இருந்த பட்ரிக் ஹென்றிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹென்றி அதை அப்படியே வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார். வாஷிங்டன் கையெழுத்தை வைத்தே ஆளைப் பிடித்தார். ‘எழுதியவர்: ரஷ்’ என்று வடிகட்டினால் இந்தக் கதையின் பெரும்பகுதி வராது. ஹென்றியின் 1778 பெப்ரவரி 20 கடிதத்தையும் வாஷிங்டனின் மார்ச் 28 பதிலையும் பெயர் வழியாகப் பிடிக்க வேண்டும். அதோடு 1777 டிசம்பர் 26இல் வைத்தியசாலைகளின் நிலை பற்றி ரஷ் வாஷிங்டனுக்கே ஒப்பமிட்டு எழுதிய கடிதத்தையும் வைத்துப் படித்தால், கோபம் எங்கிருந்து தொடங்கியது என்பது விளங்கும்.

நேரம் குறைவென்றால் வாசிக்க வேண்டியவை 1809 முதல் 1812 வரை ரஷ்ஷும் அடம்ஸும் எழுதிக்கொண்டவை. அடம்ஸும் ஜெபர்சனும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலம். 1809 ஒக்டோபர் 17இல் ரஷ் ஒரு கனவு கண்டதாக எழுதுகிறார்: வரலாற்றுப் புத்தகம் ஒன்றில் இருவரும் மறுபடி நண்பர்களாகி, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் மறைந்தார்கள் என்று வாசித்ததாக. 1812 ஜனவரி 1இல் அடம்ஸ் ஜெபர்சனுக்கு எழுதினார். இருவரும் இறந்தது 1826 ஜூலை 4, ஒரே நாளில். இடையில் 1811 ஜூலை 20 கடிதத்தை விட்டுவிட வேண்டாம். பிரகடனத்தில் ஒப்பமிட்ட அன்று மண்டபத்தில் நிலவிய மௌனத்தை, அங்கே இருந்த ஒருவரே சொல்லும் கடிதம் அது.

கடைசியாக, தேடலை 1813 ஏப்ரல் 19இல் நிறுத்திவிடாதீர்கள். திகதியை ஏப்ரல் 20இலிருந்து அந்த வருட முடிவு வரை வைத்து, எழுதியவர் இடத்தில் ரஷ்ஷை எடுத்துவிட்டுத் தேடுங்கள். மே 27இல் ஜெபர்சன் அடம்ஸுக்கு எழுதிய இரங்கல் வரும். மே 31இல் அவரே மகன் ரிச்சர்ட்டுக்கு எழுதியதும் வரும். சமயம் பற்றித் தான் டொக்டருக்கு நம்பிக்கையாக எழுதியது வேறு கண்ணில் படாமல் திருப்பி அனுப்பிவிடும்படி அதில் கேட்டிருக்கிறார். எது என்று பார்க்க விரும்பினால் 1803 ஏப்ரல் 21ஐத் திறவுங்கள்.